ஓதும்போது எழுந்த அலைகள்

ஜூலை 7, திங்கள்
மூளை அலைப் பதிவு வாசிக்கப் பழகத் தொடங்கி நான்கு மாதம். இன்று ஒன்பது பதிவு. கண்ணை மூடினாலும் கோடுகள் ஓடுகின்றன. சம்மாந்துறை அப்னாவின் பதிவில் மட்டும் முன்பக்கம் மெதுவான அலைகள், இடைக்கிடை கூர்முனைகள். வயது இருபத்திமூன்று, அட்டாளைச்சேனையில் ஆசிரியப் பயிற்சி, இரண்டு தரம் மயங்கி விழுந்தவள். வலிப்பு என்று எழுதி, அதற்கான மருந்துக் குளிசையும் தொடங்கிவிட்டேன். கொழும்பில் என்னைப் பயிற்றுவிக்கும் சேர் பார்த்த பிறகுதான் அறிக்கை கொடுக்க வேண்டும். எனக்கு எதிலும் அவசரம். நானே கண்டுபிடித்த சந்தோசம் வேறு.

ஜூலை 9
சேர் இன்னும் பார்க்கவில்லை. போனை எத்தனை தரம்தான் எடுத்துப் பார்ப்பது?

ஜூலை 14, திங்கள்
சேர் ஒன்றுதான் கேட்டார்: "பதிவு எடுக்கக்குள்ள புள்ள என்ன செஞ்சிட்டிருந்தா?"
தெரியாது. பதிவெடுக்கும் வினோஜிடம் ஓடினேன். "வாய் அசைஞ்சிட்டே இருந்திச்சு டொக்டர். ஓதுறாவாக்கும் எண்டு நான் குழப்பல்ல."
மரியாதைக்காகச் சும்மா இருந்திருக்கிறான். நாக்கும் தாடையும் அசைந்தால் அதுவும் கோட்டில் அலையாக விழும் — படித்திருக்கிறேனே! பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன்.

ஜூலை 16
அப்னாவை அழைத்துத் திரும்பப் பதிவெடுத்தோம். குர்ஆன் வசனம் ஓதச் சொன்னால் அதே அலைகள். நிறுத்தச் சொன்னால் ஒன்றுமில்லை. "பயம் வந்தா ஆயத்துல் குர்ஸி ஓதிட்டே கிட எண்டு உம்மாதான் சொன்னா" என்றாள்.
விழுந்த கதையை இந்த முறை ஒழுங்காகக் கேட்டேன். இரண்டு தரமும் காலைச் சாப்பாடு இல்லாமல் வெயிலில் நின்றிருக்கிறாள். கண் இருட்டி விழுந்து, உடனே தெளிந்து எழும்பியிருக்கிறாள். வெறும் மயக்கம். சேருடன் கதைத்துக் குளிசையை நிறுத்தினேன்.
போகும்போது அவளுடைய உம்மா சுபைறா மெதுவாகச் சொன்னார்: "குளிசையக் கண்டுட்டு மாப்பிள்ள ஊட்டார் கலியாணம் வேணாண்டுட்டாங்க டொக்டர்."
யா அல்லாஹ், நான் என்ன செஞ்சு வெச்சிரிக்கன்!

ஜூலை 17
நித்திரை இல்லை.

ஜூலை 18, வெள்ளி
திருத்திய அறிக்கையை அப்னாவின் கையில் கொடுத்தேன். பிழை என்னுடையது என்று சொன்னேன். மாப்பிள்ளை வீட்டுக்கு நானே வந்து விளக்குகிறேன் என்றும் சொன்னேன். தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.
"வேணா டொக்டர். மெய்யாவே இந்த வலிப்பு வருத்தம் இருந்தாலும் கலியாணம் முடிக்கலாந்தானே?"
"ஓம், முடிக்கலாம்."
"அததான் அண்டைக்குக் குளிசை எழுதக்குள்ள உம்மா உங்களிட்டக் கேட்டா. நீங்க அந்தக் கோடுகளையே பாத்துட்டு இருந்தீங்க."
உண்மைதான். அவர் கேட்டது என் காதில் விழுந்தது. அதுவும் நினைவிருக்கிறது.

ஜூலை 23
நற்பிட்டிமுனை யதுசாவுக்கு வலிப்புத்தான். சேரும் பார்த்து உறுதி சொல்லிவிட்டார். குளிசை எழுதுமுன் பேனாவைக் கீழே வைத்தேன். படிப்பு, கலியாணம், பிள்ளைப்பேறு — அவளுடைய அம்மா வாய் திறக்குமுன்பே எல்லாம் கதைத்தேன். அரை மணித்தியாலம் போனது. வெளியே வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். போடட்டும்.