முட்டைப் பெட்டியின் குமிழ்

மார்ச் 4

பல வருஷத்துக்கு முன்பு, பெரிய பாலம் வெள்ளத்தில் இடிந்த வருடம்தான் எங்கள் ஆமை தவளைச் சங்கம் தொடங்கியது. அதே வருடம் தபால்காரர்கள் வேலைநிறுத்தம். அழைப்பு ஒன்றும் போய்ச் சேராமல் ஐந்தே பேர் கூடினோம்.

எனக்கு எழுத்து தெரியாது. போனிடம் சொல்கிறேன், அது எழுதிக்கொள்கிறது.

தாய் ஆமை போன வாரம் செத்துவிட்டது. சங்கத்தில் இருந்த ஒரே பொட்டை. அவள் போட்ட கடைசி முட்டைகள் என் பொறுப்பில், அடைகாக்கும் கரண்ட் பெட்டிக்குள் இருக்கின்றன. பெட்டியின் வெப்பமானி உடைந்து பல வருஷமாயிற்று. என் கை போதும் என்று நான்தான் சொன்னேன். இன்று தொட்டுப் பார்த்தேன், சூடு. வழக்கம்போல் குமிழைத் திருகிச் சூட்டைக் கொஞ்சம் குறைத்தேன். வெந்துவிடக் கூடாதே.

மார்ச் 9

கூட்டம். தலைவி பல் டாக்டர். முந்தைய வருஷங்களில் இதே பெட்டியில் பொரிந்து வளர்ந்த குட்டிகளைப் புரட்டிப் பார்த்தாளாம்.

"அத்தனையும் ஆண். ஒரு பொண்ணு இல்ல. நம்ம சங்கத்துல இனி கல்யாணமே கிடையாது."

முட்டைக்குச் சூடு குறைந்தால் ஆண், கூடினால் பெண். எங்களுக்கு அது பாலபாடம்.

"பெட்டியச் செஞ்சது யாரு?" என்றும் அவளே கேட்டாள்.

செய்தவர் என் மச்சான், மனைவியின் அண்ணன், எலக்ட்ரீசியன். "என் பெட்டி பொய் சொல்லாதும்மா" என்றார். யாரோ சிரித்தார்கள். எழுந்து போய்விட்டார்.

நான் கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். என் கை தப்பாது, தப்பாது...

மார்ச் 10

மச்சானுக்குச் சோறு இறங்கவில்லையாம். எனக்கு இறங்கியது. சீ.

மார்ச் 13

டீ சுடுகிறது என்று டம்ளரைக் கீழே வைத்தேன். மனைவி தொட்டுப் பார்த்தாள்.

"ஆறி அவலாப் போச்சு, இதப் போய் சுடுதுங்கறீங்க. உங்க கை வருஷக்கணக்கா ஐஸா இருக்கு. எதத் தொட்டாலும் சுடத்தான் செய்யும்."

போச்சு. எல்லாம் போச்சு. நான்தானா? நான்தான்.

மார்ச் 14

மச்சான் ஏதோ ஒயரைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"குமிழத் திருகினது நான், மச்சான். கை குளிர்ந்து போனது தெரியல."

தலை நிமிரவில்லை.

"கைதான் குளிர்ந்துச்சு. அன்னைக்கு வாய்க்கு என்ன வந்துச்சு, மாப்ளே?"

நேரே தலைவி வீட்டுக்குப் போய் அவளிடமும் சொன்னேன். சாயங்காலம் மச்சான் வந்து புது வெப்பமானி வைத்து, குமிழுக்குப் பூட்டும் போட்டார். என்னிடம் பேசவில்லை.

ஜூன் 20

ஒன்பது குட்டிகள். மச்சான் பார்க்க வந்தார்.

"பாதியாவது பொட்டையா இருக்கும்ல, மச்சான்?"

அவர் தங்கச்சியைப் பார்த்துச் சொன்னார்: "அடையாளம் தெரிய ஆறு வருஷமாவது ஆகும்மா. அதுவரைக்கும் செத்துகித்துத் தொலைய வேணாம்னு உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு. பேசறதா வேணாமான்னு அன்னைக்குப் பாத்துக்கலாம்."

பாலம் இடிந்த வருடம் கூடிய ஐந்து பேரில் தையற்காரர் போய்விட்டார். டிராயிங் வாத்தியார் போனார். கடிகாரக் கடைக்காரர் போன குளிர்காலத்தில். என்னை விட்டால் உயிரோடு இருப்பது மச்சான் ஒருத்தர்தான்.