தோல் வழியே வந்த தண்ணீர்

புங்க எண்ணெயில் ஊறிய தோலின் நாற்றம் காலையிலிருந்து எங்கள் தோட்டத்தையே தூக்கிக்கொண்டு போகிறது. கிணற்று மேட்டில் புதுத் தும்பி வந்து இறங்கியிருக்கிறது. மாடு பூட்டிக் கிணற்றிலிருந்து இறைக்கிற கவலையில், சால் என்கிற வாளியின் அடியில் யானைத் துதிக்கை மாதிரித் தொங்கி, இறைத்த தண்ணீரைத் தொட்டியில் கொண்டுவந்து கொட்டுமே, அந்தத் தோல் குழாய்தான். காங்கயம் பக்கம் யாரோ தைத்ததாம். என்னைப் பெற்ற ஐயன் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நாலடி தள்ளி நின்று, "உவ்வே, என்ன கருமாந்தரம்டா இது" என்றார். அதே மூச்சில் என் பக்கம் திரும்பி, "தண்ணிப் பந்தலுக்கு நேரமாச்சு, போய் நில்லு" என்றார்.

எனக்கும் குமட்டியது. தோலைப் பார்த்து இல்லை.

போன வருஷம் வரைக்கும் எங்கள் தும்பியைத் தைத்து, இந்தக் கவலையை ஓட்டிய உங்களை 'நீங்கள்' என்று கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. காதில் விழுந்திருந்தால் சிரித்திருப்பீர்கள். எனக்குப் பதினைந்து வயது. உங்களுக்கு எங்கள் ஐயனைவிட மூப்பு. இருந்தும் பேச்சு வந்த நாளிலிருந்து நான் உங்களைப் பேர் சொல்லி 'டா' போட்டேன். நீங்களோ நான் தொட்டிலில் கிடந்தபோதே என்னைச் 'சின்னப் பண்ணாடி', சின்ன எசமான், என்றீர்களாம். கன்றுக்குட்டியை ஒதுக்கும்போதுகூட "தள்ளுங்க சாமி" என்கிற சீமை இது. அத்தனை 'ங்க'விலும் ஊருக்கு வெளியே உங்கள் சனம் இருக்கும் வளவுக்கென்று ஒன்று மிஞ்சவில்லை. இருக்கும்போது கொடுக்காததைப் போன பிறகு கொடுக்கிறேன். செலவில்லாத தானம், எங்கள் குடும்பத்துக்குக் கைவந்தது.

பங்குனி உத்திரம் வந்தால் கொடுமுடியில் காவேரித் தீர்த்தம் முகந்துகொண்டு பழனிக்கு நடக்கிறவர்கள் எங்கள் தோட்டத்துச் சாலையில்தான் போவார்கள். அவர்களுக்காக ஐயன் வருஷா வருஷம் பந்தல் போடுவார். தென்னங்கீற்று, ஆற்று மணல், மணலில் பாதி புதைத்த எட்டு மொடாப் பானை. தண்ணீரில் கொஞ்சம் வெட்டிவேர், பந்தல் முகப்பில் ஐயனின் பேர். இரண்டுக்கும் வாசம் உண்டு. முகப்பில் நிற்கிறவர்களுக்குப் பித்தளைச் சொம்பு. பந்தலுக்குப் பின்னால், வேலியோரம் நிற்கிறவர்களுக்கு மூங்கில் குழாய். குழாயின் மேல்வாயில் நான் சொம்பைச் சாய்ப்பேன். கீழ்வாயில் நீங்கள் குந்தி உட்கார்ந்து இரண்டு கையையும் குவிப்பீர்கள். ஒரே மொடா, ஒரே தண்ணீர். நடுவில் ஒரு முழ மூங்கில். எங்கள் தர்மத்தின் நீளம் அவ்வளவுதான்.

குழாய் வேலையை எனக்குக் கொடுத்ததற்குக் காரணம் உண்டு. சும்மா விட்டால் காவடிக்காரர்களின் வேட்டி முனையை ஒன்றோடொன்று முடிந்துவிடுவேன் என்று அம்மாவுக்குப் பயம். ஆனால் எனக்குக் குழாயே விளையாட்டுச் சாமான் ஆகிவிட்டது. ஊற்றும்போது இடப்பக்கம் ஆட்டுவேன், வலப்பக்கம் ஆட்டுவேன். குவித்த கைகள் தண்ணீரைத் துரத்திக்கொண்டு ஓடும். மூக்கில் ஊற்றுவேன், காதில் ஊற்றுவேன். முகப்பில் நிற்கிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நீங்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒருமுறை சொன்னீர்கள்:

"மாட்டுக்குக்கூட ஆட்டாமத்தானுங்க தண்ணி காட்டறோம், சின்னப் பண்ணாடி."

அதற்கும் சிரித்தார்கள். நான்தான் அதிகம் சிரித்தேன்.

போன வருஷம் உத்திரத்துக்கு மூன்று நாள் முந்தி. உச்சி வெயில். விடிந்ததிலிருந்து கவலை ஓட்டி எட்டு மொடாவுக்கும் இறைத்துப் போட்டுவிட்டு, மாட்டை நிழலில் கட்டிவிட்டு, நீங்கள் வேலியோரம் வந்து குந்தினீர்கள். அந்த நேரம் பார்த்து வெள்ளகோயில் பக்கத்துக் காவடிக் கூட்டம் ஒன்று வந்து இறங்கியது. அவர்களுக்குத் தலைவர், நெற்றி முழுக்கத் திருநீறு பூசிய பெரியவர். சொம்பை அண்ணாந்து குடித்து ஏப்பம் விட்டார்.

"அமிர்தமாட்ட இருக்குதுங்க, கவுண்டரே."

ஐயனுக்கு மீசை தானாக ஏறியது. "நம்ம கையில என்னங்க இருக்குது? எல்லாம் முருகன் குடுத்தது."

என் நாக்கு சும்மா இருக்குமா? "முருகன் குடுத்தது பாதிதானுங்க. மீதி தும்பித் தோலு குடுத்த ருசி. தோல உரிச்சு, ஊறவெச்சு, தச்சவன் இதோ பின்னால குந்தியிருக்கறான். வேணும்னா அவனுக்கும் ஒரு அரோகரா போடுங்க!"

சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். ஒருவர் குடித்ததைத் துப்பினார். அதைப் பார்த்து அடுத்தவர் துப்பினார். சொம்பு ஒன்று மணலில் விழுந்தது.

நான் என்ன, ஊருக்குத் தெரியாத ரகசியத்தையா உடைத்துவிட்டேன்? இந்தச் சீமையில் கவலை ஓட்டுகிற எந்தக் கிணற்றுத் தண்ணீர் தோலில் புகுந்து வராமல் இருக்கிறது? துப்பினவர்கள் அத்தனை பேருடைய தோட்டத்திலும் உங்கள் சனம் தைத்த தும்பிதானே தொங்குகிறது? அந்தப் பெரியவரே நியாயத்தையும் சொன்னார்:

"தெரியாமக் குடிச்சா குத்தமில்லீங்க, கவுண்டரே. காதுல உளுந்துபோட்டுதே, அப்பறம் எப்படிங்க வெரதக்காரன் குடிக்கறது?"

அடடா, என்ன பக்தி! வாய்க்குத் தீட்டு இல்லை, வயிற்றுக்குத் தீட்டு இல்லை; காதுக்குத்தான் தீட்டு. அவர்கள் தோளில் தொங்கிய காவேரித் தீர்த்தத்தில் எத்தனை எருமை குளித்தது என்று யார் கேட்டார்கள்? காவேரிக்கு என்னைப்போல வாய்த்துடுக்கு இல்லை, பிழைத்தது.

ஐயன் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் இந்த மடல் இல்லை. அவர் உங்கள் பக்கம் திரும்பினார். போன மாசம்தான் தாராபுரத்தில் கதர்ச் சால்வை போர்த்திக்கொண்டு, தீண்டாமை ஒழியவேண்டும் என்ற கூட்டத்துக்குத் தலைமை தாங்கிவிட்டு வந்தவர்.

"உன்னை ஆருடா இந்நேரத்துல இங்க வந்து குந்தச் சொன்னது? அத்தனையும் கொட்டிக் கழுவட்டும். நீ போய் மாட்டப் பூட்டு. புதுசா எறச்சு ஊத்து."

"ஒரு வாய் குடிச்சுப்போட்டுப் போறனுங்க, பண்ணாடி. நாக்கு ஒட்டுதுங்க."

"ரொம்புன பொறகு குடிச்சுக்கலாம், போ."

எட்டு மொடாவையும் உங்கள் கண்ணெதிரே கவிழ்த்தார்கள். தண்ணீர் செம்மண்ணில் ஓடி வேலி வரைக்கும் வந்து, உங்கள் காலடியில் சுண்டிப்போனது. எங்கள் வீட்டு நாய் வந்து குட்டையில் நக்கியது. யாரும் அதை விரட்டவில்லை. நீங்கள் எழுந்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். கோபம் இல்லை அந்தப் பார்வையில். இருந்திருந்தால் இன்று எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருக்கும்.

மற்ற நாளென்றால் வாய்க்காலில் குனிந்து அள்ளிக் குடித்திருப்பீர்கள். அன்று வாய்க்காலை அடைத்துத் தண்ணீரைத் தொட்டியில் தேக்கியிருந்தார்கள். தொட்டியை நீங்கள் தொடக்கூடாது. வடக்கயிற்றின்மேல் உட்கார்ந்து மாட்டை வாரிச் சரிவில் இறக்கினீர்கள், பின்னால் நடத்தி ஏற்றினீர்கள். நீங்கள் தைத்த தும்பி, நீங்கள் ஏற்றிய தண்ணீரை, நீங்கள் தொடக்கூடாத தொட்டியில் கக்கிக்கொண்டே இருந்தது. அதே தோல். அதே கை. புதுத் தண்ணீரில் அந்தப் பெரியவர் ஒரு சிட்டிகை திருநீறு போட்டார்; எல்லோரும் கண்ணில் ஒற்றிக்கொண்டு குடித்தார்கள்.

"இப்பத்தானுங்க அமிர்தம்" என்றார்.

என் பகடியெல்லாம் இதற்கு எந்த மூலைக்கு?

ஆறாவது மொடா நிரம்பும்போது சால் கிணற்றுச் சுவரில் மோதும் சத்தம் கேட்டது. மாடுகள் வாரியின் பாதியில் தாமாக நின்றிருந்தன. நீங்கள் அவற்றின் காலடியில் கிடந்தீர்கள். நான் சொம்பை முகந்துகொண்டு ஓடினேன். பந்தலைத் தாண்டுவதற்குள் அம்மா கூப்பிட்டாள். என் அம்மா கெட்டவள் இல்லை; எறும்புப் புற்றுக்கு அரிசி மாவு போடுகிறவள். குரலில் அத்தனை பரிவு.

"கண்ணு, சொம்ப வெச்சுப்போட்டு கொழாயில கொண்டுபோ, சாமி."

நான் அதை வீசி எறிந்துவிட்டு ஓடினேன் என்று எழுத ஆசைதான். எழுத முடியவில்லை. திரும்பி வந்தேன். சொம்பை மணலில் பத்திரமாக வைத்தேன். குழாயை எடுத்து, அடிவாயை உள்ளங்கையால் பொத்தி, நிரப்பிக்கொண்டு ஓடினேன். விரலிடுக்கில் வழி நெடுக ஒழுகியது. உங்களிடம் வந்து சேர்ந்தது ஒரே ஒரு வாய். உங்களால் குந்த முடியவில்லை, கையைக் குவிக்கவும் முடியவில்லை. உதட்டில் ஊற்றினேன். என் கை வெடவெடத்தது. தண்ணீர் கன்னத்தில் ஓடிக் காதுக்குள் போனது. கண்ணைத் திறக்காமலே முனகினீர்கள்:

"இன்னைக்குமா ஆட்டறீங்க, சின்னப் பண்ணாடி?"

மறுநாள் பொழுது சாய்வதற்குள் போய்விட்டீர்கள். "வெயிலு, வயசாளி தாங்கல" என்று ஐயன் தீர்ப்புச் சொன்னார். கோடித் துணி அனுப்பினார். பிறகு பழனி போய்த் திரும்பி வந்து என் கையில் பஞ்சாமிர்தம் வைத்தார். வாய்வரை கொண்டுபோனேன், வாந்தி வந்தது. சாமிக்குப் பிடிக்காத பிள்ளை என்று வீட்டில் பேச்சு. சாமிக்கு எதெல்லாம் பிடிக்கிறது என்று நான் இப்போது கேட்பதில்லை. எட்டு மொடாத் தண்ணீருக்கும் ஒரு வாய்த் தண்ணீருக்கும் நடுவில் அவர் எந்தப் பக்கம் நின்றிருப்பார் என்று மட்டும் யோசிப்பேன். வேலியோரம்தான் நின்றிருக்கவேண்டும். அங்கே இருந்ததால்தான் எங்களில் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

இன்று மத்தியானம் உங்கள் வீட்டம்மா வேலியோரம் வந்து குந்தினார். ஒரு வருஷத்தில் பாதியாகிவிட்டார். நான் குழாயை எடுக்கவில்லை. சொம்பை நீட்டினேன். அவர் பின்னால் நகர்ந்தார்.

"வேண்டாமுங்க, சின்னப் பண்ணாடி. நீங்க குடுத்துப்போட்டு ஊட்டுக்குப் போயிருவீங்க. நாளைக்கும் நான் இந்த ஊருக்குள்ள இருக்கோணுமுங்க."

போன வருஷம் என் வீரத்துக்கு விலை கொடுத்தது யார் என்று அவருக்குத் தெரியாதா? குழாயை எடுத்தேன்.

"குடிங்க" என்றேன். உங்களுக்குச் சொல்லாத அந்தச் சொல்லை. அவர் பயந்து முகப்புப் பக்கம் பார்த்தார், யார் காதிலாவது விழுந்துவிட்டதோ என்று. பிறகு கையைக் குவித்தார்.

"ஆட்டாம ஊத்துங்க, அது போதும்."

சொம்பைத் தரையில் வைத்தேன். குழாயை நிரப்பி, அடியைப் பொத்தி, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவர் கைக்கு நேரே மெல்லத் திறந்தேன். விளையாட்டெல்லாம் போய் ஒரு வருஷம் ஆகிறது. கை இன்னும் ஆடுகிறது.