வியாழக்கிழமை நாடகத்து மாமியார்

முருகன் துணை

திருப்பூர்,
1-9-1968

சிரஞ்சீவி தண்டபாணிக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நான், அப்பா, மருமகள் அமராவதி மூன்று பேரும் சௌக்கியம். நீ வாரம் தவறாமல் கடிதம் போட்டுவிடுவதால் உன்னைப் பற்றிய கவலை பாதி தீர்கிறது, மீதிப் பாதி உன் முகத்தைப் பார்த்தால்தான் தீரும். கல்கத்தாவில் விடாத மழை, தெருவில் முழங்கால் தண்ணீர் என்று எழுதியிருந்தாய். ஈரத் துணியோடு கடையில் உட்காராதே, தலையை நன்றாகத் துவட்டு. அந்த ஊர்க் கடுகெண்ணெய் உனக்கு இன்னும் பழகியிருக்காது, நீ சின்ன வயதிலிருந்தே நாக்கு நீளமானவன். போன வாரம் அனுப்பிய பனியன் மூட்டை வந்து சேர்ந்ததா என்று அப்பா கேட்கச் சொன்னார்.

தைப்பூசத்துக்கு அப்பா நம் பனியன் கம்பெனிக்கு ஒரு ரேடியோ வாங்கினார் என்று எழுதினேன் அல்லவா. ரேடியோ வைத்தால் ஆட்கள் வேலை செய்யமாட்டார்கள் என்று ஆறு வருஷம் சாதித்த மனிதர், பக்கத்துக் கம்பெனியில் வைத்ததும் நம் தையல் ஆட்கள் இரண்டு பேர் அங்கே போய்விட, மறுநாளே வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அதில் வியாழக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் ஒரு சிரிப்பு நாடகம் வருகிறது. தூக்குப்போசியைத் திறந்து வைத்துக்கொண்டு எல்லோரும் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவோம். கோமதியம்மாள் என்று ஒரு மாமியார், விமலா என்று ஒரு மருமகள், டில்லியில் உத்தியோகம் பார்க்கிற சாரங்கன் என்று ஒரு மகன். மகன் குரல் கடிதம் எழுதும்போது மட்டும்தான் கேட்கும். பக்கத்து வீட்டு ரிட்டயர்டு தாசில்தார் ஒருவர் காப்பி குடிப்பதற்கென்றே வருவார், வாரா வாரம் காப்பி ஆறிவிட்டது என்பார், அதற்கு உன் அப்பா வாரா வாரம் சிரிப்பார். எனக்கு அந்தத் தாசில்தாரைக் கண்டால் ஆகாது. விமலாவும் அப்படித்தான், எதற்கெடுத்தாலும் சரிங்க அத்தை, சரிங்க அத்தை என்கிறாள், மனுஷியாய்ப் பிறந்தவளுக்கு ஒரு நாளாவது கோபம் வரவேண்டாமா. கோமதியம்மாள்தான் நாடகத்துக்கே உயிர். மருமகளை டில்லிக்கு அனுப்பாமல் இருக்க அவள் சொல்கிற சாக்குகளைக் கேட்டால் வயிறு வலிக்கச் சிரிக்கலாம். மாதம் சரியில்லை என்பாள், திசை சரியில்லை என்பாள், பல்லி சொல்லிவிட்டது என்பாள். நான் அவளுடைய கட்சி என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் நடந்ததைக் கேள். விமலா டில்லிக்குப் போகப் பெட்டி கட்டிவிட்டாள், குதிரை வண்டி வாசலில் வந்து நிற்கிறது, கோமதியம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஐயோ என்று உட்கார்ந்துவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள், எல்லோரையும் விட நான்தான் அதிகம் சிரித்தேன். அப்போது பனியனில் நூல் பிசிறு வெட்டுகிற காளியாத்தாள், அவளுக்கு மனதில் ஒன்றும் கிடையாது, "ஏனுங்கம்மா, இது உங்களாட்டமே இருக்குதுங்க. நம்ம அமராவதி அம்மணி கல்கத்தாவுக்குப் பொறப்பட்ட அன்னைக்குத்தானுங்களே உங்களுக்கும் முட்டி வலி வந்துச்சு" என்று சொல்லிவிட்டாள். இன்னும் நாலு பேர் சிரித்தார்கள், என் முகத்தைப் பார்த்ததும் கப்பென்று நிறுத்திக்கொண்டார்கள். அமராவதி பனியன் மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போய் என் காலுக்குத் தைலம் காய்ச்சிக்கொண்டு வந்தாள். அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு சுட்டிருக்காது.

அந்தக் கோபத்தை யார் மேல் காட்டுவது. நாடகம் கேட்டுக்கொண்டே நிட்டிங் மிஷினைக் கவனிக்காமல் விட்டிருந்தான் வேலுமணி, ஒரு ஊசி உடைந்து துணி நெடுக மேலிருந்து கீழாகக் கோடு விழுந்திருந்தது, அவனைப் பிடித்து ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினேன். ரேடியோவையும் மூடிவைத்தேன். அடுத்த இரண்டு வியாழக்கிழமையும் யாரும் அதைத் தொடவில்லை, சாப்பாட்டு நேரத்தில் தட்டுச் சத்தம் மட்டும் கேட்டது. அதற்கு அடுத்த வியாழன், அதாவது மூன்று நாளைக்கு முன்னால், எனக்கே பொறுக்கவில்லை, கோமதியம்மாள் என்ன ஆனாள் என்று தெரிய வேண்டாமா. நானே போய்த் திருகிவிட்டேன். விமலா இன்னும் போகவில்லை, கோமதியம்மாள் இப்போது கஷாயம் குடித்துக்கொண்டிருக்கிறாள்.

நாடகம் முடிந்து ஆட்கள் எழுந்து போனபின், கோமதியம்மாளைப் பற்றி நீ என்னம்மா நினைக்கிறாய் என்று அமராவதியைக் கேட்டேன். வந்து ஒன்றரை வருஷத்தில் அவளிடம் நான் அபிப்பிராயம் என்று கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் கையிலிருந்த பனியனை மடித்து முடித்துவிட்டுத்தான் பேசினாள். "அவியளை நான் தப்புச் சொல்ல மாட்டனுங்க அத்தை. ஒத்தை மகன் தூரத்துல இருக்கறாரு, பயந்துக்கறாங்க. எனக்கு அந்தச் சாரங்கனைத்தானுங்க புடிக்கறதில்லை. வாரம் ஒரு கடுதாசி போடறாரே, ஒண்ணுலயாவது அவளை அனுப்பி வையுங்கன்னு எழுதுனாருங்களா?" என்றாள். குரல் நாடகத்தைப் பற்றிப் பேசுகிற மாதிரியேதான் இருந்தது. பிறகு அடுத்த பனியனை எடுத்துக்கொண்டாள்.

அன்று உன் கடிதங்களை எல்லாம் பெட்டியிலிருந்து எடுத்து ஒன்று விடாமல் படித்தேன். எண்பத்தைந்து சைஸ் இன்னும் வேண்டும் என்று இருக்கிறது, லேபிள் கோணலாக இருப்பதாகத் திட்டியிருக்கிறாய், பசு கன்று போட்டதா என்று விசாரித்திருக்கிறாய், அமராவதி சுகமா என்றும் எழுதியிருக்கிறாய். அனுப்பி வையுங்கள் என்று ஒரு இடத்திலும் இல்லை. தண்டபாணி, அம்மா வாய் திறக்காமல் என் மகன் கேட்கமாட்டான் என்று இத்தனை நாள் நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன், இப்போது வெட்கமாக இருக்கிறது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மார்கழி ஆகாது என்றேன், மாசியில் முட்டி வலி என்றேன், ஆடியில் யாராவது குடித்தனம் வைப்பார்களா என்றேன். முட்டி கொஞ்சம் வலித்தது நிஜம், ஆனால் அவள் இங்கே இருந்தால் நீ எப்படியும் ஒரு நாள் திரும்பி வந்துதானே ஆகவேண்டும் என்பதுதான் என் கணக்கு. அவளும் போய்விட்டால் நீ அந்த ஊர்க்காரனாகவே ஆகிவிடுவாயோ என்று பயமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது. அதற்காக ஒரு பெண்ணைப் பனியன் மடிக்க வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது பாவம்.

புரட்டாசி பிறந்தால் எனக்கு மறுபடி ஒரு சாக்கு கிடைத்துவிடும், அதனால் அதற்கு முன்னாலேயே அனுப்பிவிடுகிறேன். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்கள், பதினோராம் தேதி புதன்கிழமைக்கு அப்பா அவளுக்கும் அவள் அண்ணன் திருமூர்த்திக்கும் டிக்கெட் எடுத்துவிட்டார். அவளுக்கு இது தெரியாது, திருமூர்த்தியையும் சொல்லக்கூடாது என்று கட்டிப்போட்டிருக்கிறேன். நானாக அனுப்பினால் மாமியார் மனசு இரங்கினாள் என்றுதான் ஆகும், அது அவளுக்கு எந்த மூலைக்கு. அவள் காத்திருப்பது நீ கூப்பிடுவதற்கு. இந்தக் கடிதம் கண்டதும் முதல் வேலையாகத் தபாலாபீசுக்குப் போய், அமராவதியை உடனே அனுப்பவும் என்று தந்தி அடி. வேறு எதையும் அதில் சேர்க்காதே, சைஸ், லேபிள் எதுவும் வேண்டாம். தந்தியை அவள் கையிலேயே கொடுத்துப் படிக்கச் சொல்லப் போகிறேன்.

பழனி ஆண்டவன் உங்கள் இருவரையும் நோய் நொடியில்லாமல் வைத்து, அடுத்த தைப்பூசத்துக்கு ஜோடியாகத் தன் படியேற வைக்கட்டும். ஸ்டேஷனில் வண்டி நிற்கிற இடத்துக்கே உள்ளே வந்து நில், அவளுக்கு அந்த ஊர் பாஷை தெரியாது. இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. தந்தி வந்தால் நான் இங்கே கொஞ்சம் முணுமுணுப்பேன், இந்த மாதமா, இப்போது என்ன அவசரம், என் முட்டியை யார் பார்ப்பது என்றெல்லாம் சொல்வேன். உடனே சரி என்றால் அவளுக்குச் சந்தேகம் வந்துவிடும். அதை யாராவது உனக்கு எழுதினால் காதில் போட்டுக்கொள்ளாதே.

இப்படிக்கு,
உன் வரவையும் உன் தந்தியையும் எதிர்பார்க்கும் அம்மா,
பழனியம்மாள்