லிஃப்டுக்கு உன் அம்மாவைத் தெரியும்

அன்புள்ள மருமகள் சிட்டுக்கு,

உன் தாய்மாமன் எழுதுவது. இதெல்லாம் இப்படித்தான் ஆகும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். லிஃப்டில் கேமரா மாட்ட வந்த இன்ஜினியரிடமே, "தம்பி, ஆள் முகத்தைப் பார்த்து ஓடுற லிஃப்ட் ஒருநாள் ஆளைப் பார்த்து முழிக்கும்" என்றேன். அவர் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு, சார் நீங்கள் எந்தக் காலேஜ் என்று கேட்டார். எட்டாவதை மட்டும் இரண்டு வருடம் ஆழமாகப் படித்தவன் என்று நான் சொல்லிக்கொள்ளவில்லை. சிரித்து வைத்தேன்.

இங்கே எல்லோரும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுகிறோம். நீயும் அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டுதான் வகுப்புக்குப் போகிறாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். வீட்டில் இருப்பது ஒரே போன். நான் வாயைத் திறந்தால் உன் அம்மா, "அளக்காதடா, கொடு இங்க" என்று பிடுங்கிக்கொள்கிறாள்.

போன வாரம் நீ கேட்டது ஒரே கேள்வி. முட்டிவலியோடு அம்மா இன்னும் ஒன்பதாவது மாடிக்குப் படியேறித்தான் வேலைக்குப் போகிறாளா என்று. அப்படியானால் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்துவிடுவேன் என்றாய். வரவேண்டாம். விவரமாகச் சொல்கிறேன்.

முகம் பதிந்தவர்களுக்கு மட்டும்தான் லிஃப்ட் என்று அபார்ட்மென்ட் செக்ரட்டரி நோட்டீஸ் ஒட்டியது உனக்குத் தெரியும். வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் பதிந்தார்கள். வேலைக்கு வருகிறவர்கள் அடிக்கடி மாறுவார்களாம், அதனால் பதியவில்லை. உன் அம்மா பல வருடமாக அந்த ஒரே வீட்டுக்குப் போகிறாள். வீட்டுக்காரர்கள்தான் இரண்டு முறை மாறினார்கள்.

பாத்திரம் கழுவுகிறவர்களும் துணி தேய்க்கிறவரும் காலையில் லிஃப்ட் பக்கம் காத்து நிற்பார்கள். யாராவது வீட்டுக்காரர் வந்தால் அவர் முகத்தில் தொற்றிக்கொண்டு மேலே போகலாம். இதற்கு 'முகம் கடன்' என்று பெயர் வைத்தவன் வாட்ச்மேனாகிய நான். இப்போது கட்டடமே அப்படித்தான் சொல்கிறது. சிலர் கொடுப்பார்கள். சிலர் போனைப் பார்த்தபடியே கதவை மூடும் பொத்தானை அழுத்துவார்கள். உன் அம்மா கேட்கவே மாட்டாள். அவள் வீம்பு உனக்குத் தெரியாதா.

செவ்வாய்க்கிழமை மதியம் நெட் போனது. லிஃப்ட் நின்றது. வீட்டுப் பூட்டுகளும் போனில் திறப்பவை, சாவி என்ற பொருளே யாரிடமும் இல்லை. வெளியே போயிருந்தவர்கள் எல்லோரும் என் கேட்டில் வந்து குவிந்தார்கள். ஐந்நூறு பேர் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், நாற்பது என்று வைத்துக்கொள். செக்ரட்டரி கேமரா முன்னால் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், சிரித்தார், முறைத்தார். "சார், பாஸ்போர்ட் போட்டோவுக்கு நிக்கிற மாதிரி நில்லுங்க, ஒருவேளை ஞாபகம் வரும்" என்றேன்.

உன் அம்மா வேலைக்குப் போகிற ஒன்பதாவது மாடிப் பல் டாக்டரம்மா மட்டும் அழுதுகொண்டிருந்தார். அவருக்கு இது நிறைமாதம். மாமனார் மேலே தனியாக இருக்கிறார், சர்க்கரை இறங்கினால் மயங்கிவிடுவார், போனையும் எடுக்கவில்லை. வேலை முடித்து இறங்கியிருந்த உன் அம்மா, டாக்டரம்மா பையிலிருந்த குளுக்கோஸ் பொட்டலத்தை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினாள். அவள் தட்டிய தட்டில் பெரியவர் தவழ்ந்து வந்து உள்ளேயிருந்து கதவைத் திறந்தார். கரைத்துக் கொடுத்து, அவரை எழுப்பி உட்காரவைத்துவிட்டுத்தான் இறங்கினாள்.

கீழே எல்லோரும் கைதட்டினார்கள். அப்போது நான் ஸ்டூல் மேல் ஏறி நின்று பேசினேன். செக்ரட்டரி தலையைக் குனிந்துகொண்டார். மறுநாள் காலையிலேயே உன் அம்மாவை நிறுத்தி முகம் பதிந்தார்கள். இப்போது அவள் எதிரே போய் நின்றாலே கதவு திறக்கிறது. ராணி மாதிரி போகிறாள்.

சிட்டு, இதுவரை எழுதிவிட்டு உறையை ஒட்டப்போனேன். கை வரவில்லை.

முகம் பதிந்தார்கள் என்றது நான் சேர்த்தது. சாயங்காலம் நெட் வந்ததும் எல்லோரும் மேலே போய்விட்டார்கள். டாக்டரம்மா உன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மனசாரத்தான் நன்றி சொன்னார். பிள்ளை பிறக்கும்வரை மாலையிலும் ஒருதரம் வந்து பெரியவரைப் பார்க்கமுடியுமா என்றும் கேட்டார். இவள் சரி என்றுவிட்டாள். அன்றைக்கு வீங்கிய முட்டி இன்னும் வற்றவில்லை. பாதி வழியில் படியிலேயே உட்கார்ந்து எழுந்து போகிறாள்.

அவள் முட்டி வீங்கியிருக்கிறது, முகத்தைப் பதியுங்கள் என்று செக்ரட்டரியிடம் போய்ச் சொன்னேன். "உன் கதையெல்லாம் நிறைய கேட்டிருக்கேன்பா" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். டாக்டரம்மாவிடம் சொல்லலாம் என்றால் அக்கா விடவில்லை. உண்மையைச் சொன்னாலும் என்னை யாரும் நம்புவதில்லை. அது நானே தேடிக்கொண்டது.

நீ சொன்னால் கேட்பாள் தாயி. படிப்பை விட்டுவிட்டு வராதே, அதற்குத்தான் அவள் ஏறுகிறாள். ஞாயிற்றுக்கிழமை போனில் படம் தெரிய அவளைக் கூப்பிடு. பவுடர் போட்டு முகத்தை மட்டும் காட்டுவாள். காலைக் காட்டச் சொல்.

நீ நூறு வருடம் நன்றாயிருக்கவேண்டும்.

உன் தாய்மாமன்