இல்தார் கழற்றாத கம்பளிச் சட்டை

ஃபைரூஸா அக்காவுக்கு,

இதை யாருக்கும் காட்டாதே. விடுதியில் உன்னோடு தங்கியிருக்கும் நர்ஸுகளுக்கும் காட்டாதே, படித்ததும் அடுப்பில் போட்டுவிடு, கெஞ்சிக் கேட்கிறேன். நீ சுகமாக இருக்க வேண்டும், அந்த இருமல் விட்டிருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, அம்மா போனதிலிருந்து மாதாமாதம் வீட்டுக் கடிதம் எழுதிப் பழகிய கை. அத்தா சுகம். ஆடு இரண்டு குட்டி போட்டது. ஆற்றில் பனி முழுதும் உருகிவிட்டது. இல்தார் மட்டும் சுகமில்லை அக்கா. உயிர் இருக்கிறது. நம் படகுக் கொட்டகையில் படுத்திருக்கிறார், நீ உடனே வர வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அத்தாவும் அவருடைய சிநேகிதர்கள் ரஃப்கத் மாமாவும் ஸ்தெபான் மாமாவும் வழக்கம்போலத் திருட்டுத்தனமாக ஸ்டர்ஜன் மீன் பிடிக்கக் கிளம்பினார்கள். உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவன் டிராக்டரையே ஓட்டிக்கொண்டிருந்தால் போதுமா, ஆற்றுத் தொழிலும் தெரிய வேண்டாமா என்று இல்தாரையும் முதல் தடவையாக அழைத்தார்கள். என்னைச் சூப் பானையோடு படகின் முன்னால் உட்காரவைத்தார்கள். பெண்பிள்ளை இருந்தால், ஏதோ குடும்பம் பொழுதுபோக்க வந்திருக்கிறது என்று காவல் படகுக்காரர்கள் விட்டுவிடுவார்கள் அல்லவா. நம்முடைய கயிறு எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். இரை கிடையாது, ஆற்றின் அடியில் கிடக்கும் நீளக் கயிறு முழுக்க நெருக்கமாகத் தீட்டிய கொக்கிகள்தான். உரசிக்கொண்டு போகிற மீனை ஒன்று குத்தும், அது துள்ளத் துள்ள மற்றவையும் ஏறும். அதனால் கயிற்றைத் தொடுகிற யாரும் ரப்பர் சட்டையைத் தவிர வேறொன்றும் போடமாட்டார்கள். இல்தார் நீ பின்னிக் கொடுத்த நீலக் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

ரஃப்கத் மாமா அதைப் பார்த்துவிட்டு, "என்ன மாப்ளே, மீன் பிடிக்க வந்தியா, மீனைப் பொண்ணு பாக்க வந்தியா?" என்றார். இல்தார் வெட்கப்பட்டு, "ஃபைரூஸா பின்னினது மாமா, கழட்ட மனசு வரல" என்றார். நான் அத்தாவின் அருகே போய், கழற்றச் சொல்லுங்கள் என்று மெதுவாகச் சொன்னேன். அத்தா, "நீ சூப்பைப் பாரு. புதுசா வர்றவன் ரத்தம் ஒரு சொட்டு கயித்துல பட்டாத்தான் சினை மீன் வரும். எங்க எல்லாருக்கும் குத்திச்சு, செத்தா போயிட்டோம்?" என்றார். இல்தாரையே முதலில் கயிற்றைப் பிடிக்கவிட்டார்கள். இரண்டு இழுப்புதான், ஒரு கொக்கி அவருடைய சட்டைக் கையில் மாட்டியது. எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். "ஆத்துக்காரன் ஆயிட்டான்டா!" என்று ஸ்தெபான் மாமா வோட்கா ஊற்றினார். இல்தாரும் சிரித்துக்கொண்டே மறு கையால் அதை விடுவிக்கப் பார்த்தார், அந்தக் கையிலும் இன்னொன்று ஏறியது. அப்போது கயிறு தானாக நகர்ந்தது. மறுமுனையில் கதவு நீளத்துக்கு ஒரு பெண் மீன் மாட்டியிருந்தது.

அது இழுத்த இழுப்பில் இல்தார் படகின் விளிம்போடு போய் ஒட்டிக்கொண்டார். தோளில், விலாவில், வயிற்றில் என்று கம்பளி பட்ட இடமெல்லாம் கொக்கி. "வெட்டுங்க, கயித்த வெட்டுங்க" என்று கத்தினார். ஸ்தெபான் மாமா கத்தியை எடுத்துவிட்டார் அக்கா, எடுத்தே விட்டார். அத்தாதான் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "வெட்டினா மீன் போயிடும். மொதல்ல மீனை ஏத்து. இவன் எங்க ஓடிடப் போறான்?" என்றார். ரஃப்கத் மாமா அதற்கும் சிரித்தார். இல்தார் தொங்கிய அதே கயிற்றைப் பிடித்துத்தான் மூன்று பேரும் மீனை இழுத்தார்கள், ஒவ்வோர் இழுப்பும் அவர் உடம்பு வழியாகப் போனது. மீனின் தலையில் கட்டையால் அடித்த பிறகு அத்தா அதன் வயிற்றைத் தடவிப் பார்த்தார், உள்ளே முழுக்கச் சினை, பொன் விலைக்குப் போகும். அவர் முகம் பெருநாள் காலை மாதிரி மலர்ந்தது. அதற்குப் பிறகுதான் கயிற்றை வெட்டினார்கள்.

கொட்டகையில் மீனைக் கிழித்துச் சினையைச் சல்லடையில் தேய்த்து உப்புப் போடும்போது, பக்கத்தில் வலைக் குவியல்மேல் இல்தார் தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தார். குறடால் மற்றக் கொக்கிகளை எடுத்துவிட்டார்கள். வயிற்றில் இருப்பது வரவில்லை, வெளியே நீட்டிய காம்பை வெட்டி, முனையை உள்ளேயே விட்டுவிட்டார்கள். இப்போது வயிறு பலகை மாதிரி இறுகியிருக்கிறது, உடம்பு கொதிக்கிறது, கரண்டியால் தேநீர் கொடுத்தாலும் வாந்தி எடுக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள் என்று அழுதேன். ரஃப்கத் மாமா, "இத்தனை கொக்கி எங்கேர்ந்துன்னு டாக்டர் கேட்டா என்ன சொல்லுவே, வேலியில மாட்டிக்கிட்டான்னா?" என்று கேட்டார். சினை வாங்குகிறவன் வந்து போகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்கிறார் அத்தா. இன்று சாப்பிடும்போது என்னைப் பார்த்து, "வாயைத் தொறந்தே, உன்னையும் கல்லு கட்டி எறக்கிடுவேன்" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார், அதுதான் பயமாக இருக்கிறது.

இல்தார் என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "சட்டை கிழிஞ்சத மட்டும் அவகிட்ட சொல்லிடாத" என்றார். சொல்லிவிட்டேன் அக்கா, எல்லாவற்றையும் சொல்லாவிட்டால் நீ உடனே வரமாட்டாய்.

விடியும்போது பால் லாரி வரும், அதில் கொடுத்தனுப்புகிறேன். ஆஸ்பத்திரி வண்டியோடு வா. தனியாக வராதே. நான் எழுதினேன் என்று மட்டும் சொல்லாதே, இல்தாரிடமிருந்து சேதி இல்லை, அதனால் வந்தேன் என்று சொல். அவசரத்தில் சாப்பிடாமல் கிளம்பாதே, கழுத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொள், ஆற்றுக்காற்று உனக்கு ஆகாது. அல்லாஹ் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும், உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல

கதவைத் தட்டுகிறார்கள். அத்தா. "ஜுஹ்ரா, முழிச்சிருக்கியா? எந்திரிம்மா. இல்தாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம், நீயும் வந்து படகுல ஏறு" என்கிறார். குரல் மிகவும் அன்பாக இருக்கிறது. அக்கா, ஸ்தெபான் மாமாவின் ஜீப் வாசலில்தான் நிற்கிறது. ஆஸ்பத்திரிக்கு ரோட்டு வழிதானே, படகில் போனால் கடல்தா