என் காலால் நாற்பது கெஜம்

மார்ச் 4, சனி

விடாத மழை. காலை வேதபாடத்துக்குப் பின் லத்தீன் செய்யுளில் இருபது வரி படித்தேன். உழவன் மழைக்காக ஏங்கும் பகுதி. நம் ஓசார்க் மலையில் மழைக்காக யாரும் ஏங்கி நான் கண்டதில்லை.

வெர்லீன் காபியை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தாள். "ஏங்க, அந்தத் துப்பாக்கிய எடுத்து ஒரு வருஷம் ஆகப் போகுது. எண்ணெயாவது போடுங்களேன்."

போட்டேன். போடும்போதே சென்ற ஏப்ரல் நினைவுக்கு வந்தது. அதை இதுவரை நான் எழுதி வைக்கவில்லை. இன்று எழுதுகிறேன்.

வான்கோழிச் சேவல் ஓக் மரத்தின் பழைய அடிக்கட்டைக்குப் பக்கத்தில், கழுத்தை நீட்டி அசையாமல் நின்றது. நான் சாய்ந்திருந்த மரத்திலிருந்து அந்தக் கட்டை நாற்பது கெஜம். முப்பது வயதில் நானே நடந்து அளந்தது. தலையைக் குறிவைத்தே சுட்டேன். விழுந்தது. எழுந்தது. ஒரு சிறகை மண்ணில் இழுத்தபடி தேவதாருப் புதருக்குள் ஓடிவிட்டது. இருட்டும் வரை தேடினேன். ஆறாம் நாள் ஒரு வெண்தலைக் கழுகு மேலே எழும்பிய இடத்தில் அதைக் கண்டேன்.

அறுபது ஆண்டு வேட்டையில் தப்பிய பறவைகள் உண்டு. இப்படி ஒன்று இல்லை. ஆண்டவர் உண்ணக் கொடுத்ததை நான் வதைத்தேன்.

ஆகவே முடிவு: ஒரே வெடியில், நோவின்றி உயிரைப் போக்கும் தோட்டா எது என்று ஐயமறத் தெரிய வேண்டும். ஏப்ரல் 17 அன்று பருவம் தொடங்குவதற்குள் தெரியாவிட்டால், துப்பாக்கி மைத்துனன் டப்புக்கு. நான் இனிக் காட்டுக்குப் போவதில்லை.

மார்ச் 7, செவ்வாய்

ஜெபத்தின் நடுவிலும் அந்தச் சிறகு.

மார்ச் 11, சனி

டப்போடு தோட்டாக் கடைக்குப் போனேன். வெர்லீனின் தம்பி அவன். முப்பது ஆண்டு சரக்கு வண்டி ஓட்டியவன். எஞ்சின் இரைச்சலை மீறிப் பேசிய குரல் இன்னும் இறங்கவில்லை.

"அத்தானுக்கு இருக்கறதிலேயே நீளமான தோட்டாவா எடு ரோண்டா! ஈயம், அஞ்சாம் நம்பர். எதிர்ல சேவல் மட்டுமில்ல, மரமும் சேர்ந்து விழணும்!"

கடைக்கார ரோண்டா என்னிடம் திரும்பினாள். "போதகரய்யா, உங்களுக்குப் பெருசா வேணுமா, நெருக்கமா வேணுமா?"

அக்கேள்வி எனக்குப் பிடித்தது. தோட்டாவின் உள்ளே கிடக்கும் ரவைக்குண்டு பருத்தால் எண்ணிக்கை குறையும். தலைக்கும் கழுத்துக்கும் நடுவே பறவை தப்பும் இடைவெளி விழும். சிறுத்தால் எண்ணிக்கை கூடும். ஆனால் ஈயத்தில் சிறியது எலும்பைத் துளைக்காது. டங்ஸ்டன் ரவை ஒன்றை அவள் என் உள்ளங்கையில் வைத்தாள். கடுகளவு. ஈயத்தைவிடக் கனமான உலோகமாதலால் அந்தக் கடுகே போதுமாம்.

"இதக் கழுகு தின்னாலும் அதுக்கு விஷமில்லய்யா" என்றாள்.

அந்த வெண்தலைக் கழுகு தின்றது என் ஈயத்தையும்தான்.

"கடுக வச்சு தாளிக்கவா போறாரு?" என்றான் டப். அதற்குச் சிரித்துவிட்டு அவன் சொன்னதையே வாங்கினேன். ஏன்? டப்பின் முன்னே கிழவனாகத் தெரியக் கூடாது என்றா? எழுபத்தெட்டு வயதில்?

மார்ச் 14, செவ்வாய்

கொட்டகைச் சுவரில் கறி பொதியும் தாளை விரித்து ஒட்டினேன். வெர்லீன் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்துப் பத்து அங்குல வட்டம் போட்டு, நடுவே சேவலின் தலையும் கழுத்தும் வரைந்தாள். கண்ணைச் சற்றுக் கோபமாகவே வரைந்துவிட்டாள்.

நாற்பது காலடி எண்ணி நடந்து, திரும்பிச் சுட்டேன். என் நடையில் ஒரு காலடி ஒரு கெஜம். வாழ்நாள் முழுவதும் அப்படித்தான் அளந்து வந்திருக்கிறேன். வட்டத்துக்குள் நூறு துளை இருந்தால் தேறியதென்பது இவ்வூர்க் கணக்கு. நூற்று நாற்பது இருந்தன! இந்தத் தோட்டா ஐம்பது கெஜத்துக்கும் எட்டும் என்று மனம் துள்ளியது.

பிறகு, சும்மா ஒரு ஐயத்துக்காக, சென்ற ஆண்டுத் தோட்டாவில் மிஞ்சியிருந்ததையும் புதுத் தாளில் சுட்டேன். நூற்றுப் பதினெட்டு. கழுத்தில் மட்டும் ஒன்பது.

அப்படியானால் அதுவும் தேறிய தோட்டா. அந்தப் பறவை செத்து விழுந்திருக்க வேண்டும். ஏன் விழவில்லை?

தோள் கன்றிக் கருநீலமாகிவிட்டது. வெர்லீன் பனிப்பெட்டியில் உறைந்த பட்டாணிப் பையை வைத்து அழுத்தினாள்.

"எத்தன கெஜத்துலேர்ந்து சுட்டீங்க?"

"நாற்பது."

"யாரு அளந்தா?"

"என் கால்தான்."

அவள் பையைத் திருப்பி வைத்தாள்.

மார்ச் 16, வியாழன்

தோட்டாவில் குற்றமில்லை என்றால் குற்றம் என் கையில். காபிக் கோப்பையைப் பிடித்து நெடுநேரம் பார்த்தேன். நடுங்குகிறதா? நடுங்குகிறது என்று எண்ணிப் பார்த்தால் எவன் கைதான் நடுங்காது!

பாவம் என்பதற்கு வேதத்தின் கிரேக்கச் சொல் குறி தவறுதலைச் சுட்டுவது. நாற்பது ஆண்டு பிரசங்க மேடையில் அதைச் சொல்லிச் சொல்லி மற்றவர்களைத் திருத்தினேன்.

டப்புக்கு ஒரு சீட்டு எழுதி வேதப் புத்தகத்துக்குள் வைத்தேன். துப்பாக்கி உனக்கு, நன்றாக வைத்துக்கொள், என்று. அவ்வளவுதான்.

மார்ச் 19, ஞாயிறு

வெர்லீன் அந்தச் சீட்டைக் கண்டுவிட்டாள். வேறெங்காவது வைத்திருக்கலாம், வேதப் புத்தகத்தை அவள் திறக்க மாட்டாள் என்று எந்தப் புத்தியில் எண்ணினேனோ.

சபைக்கு நடக்கும் வழியில், பாலத்தருகே நின்றுவிட்டாள்.

"உங்க கை நடுங்கல."

"பிறகு?"

"கால்."

"என் காலுக்கு என்ன?"

"இடுப்பெலும்பு ஆபரேஷனுக்கப்புறம் நீங்க பொடி நடைதான் நடக்கறீங்க. மூணு வருஷமா உங்களுக்காக என் நடையக் குறைச்சுக்கிட்டுத்தான் வர்றேன். முந்தி ஒன்பதே காலுக்குக் கெளம்பி ஒன்பதரை மணி அடிக்கறதுக்குள்ள போயிடுவோம். இப்ப ஒன்பது பத்துக்கே உங்கள வெரட்டறேனே, எதுக்குன்னு நெனச்சீங்க?"

"நீ தொப்பி தேடுவாய் என்று..."

"என் தொப்பி அது பாட்டுக்கு ஆணியில தொங்குது!"

கோபம் வந்தது. மூணு வருஷம்! ஒரு வார்த்தை சொல்லலையே இவ! நான் பாட்டுக்கு நிமிர்ந்து நடக்கறதா நெனச்சுக்கிட்டு — ஊரே பாத்திருக்கும் — நான் ஒருத்தன்தான் — சீ.

ஆராதனையில் ஒரு பாட்டும் வாயில் வரவில்லை.

மார்ச் 20, திங்கள்

தையல் நாடாவைக் கொண்டு பருத்திக் கயிற்றில் கெஜத்துக்கு ஒரு முடிச்சாக வெர்லீன் நாற்பது முடிச்சுப் போட்டாள். கொட்டகைச் சுவரிலிருந்து பிடித்தோம். நான் சுட்ட இடத்தில், என் நாற்பதாம் காலடியில், கயிற்றின் முப்பத்தொன்றாம் முடிச்சு கிடந்தது.

காட்டுக்குப் போனோம். என் மரத்திலிருந்து அடிக்கட்டை வரை கயிறு சரியாக நாற்பது. அதே தூரத்தை நான் நடந்தேன். ஐம்பத்திரண்டு காலடி.

அந்த முப்பது வயதுக்காரன் சரியாகத்தான் அளந்திருக்கிறான். அவன் அளந்த மரத்தடியில் உட்கார்ந்து, முப்பத்தொன்றுக்கே தேறும் தோட்டாவை நான் நாற்பதுக்கு நம்பியிருக்கிறேன்.

திரும்பி வந்து, கயிற்றின் நாற்பதில் நின்று சென்ற ஆண்டுத் தோட்டாவைச் சுட்டேன். ஐம்பத்தெட்டுத் துளை. வெர்லீன் வரைந்த கழுத்தில் இரண்டு. சிறகிருக்கும் பக்கம் சிதறல்.

தாளின் முன் நெடுநேரம் நின்றேன். குறி தவறவில்லை, கோல் தவறியது. கள்ளத் தராசையும் கள்ளப் படியையும் ஆண்டவர் அருவருப்பதைக் குறித்து எத்தனை வியாபாரிகளின் முகத்துக்கு நேரே பிரசங்கித்திருக்கிறேன்! கள்ள அளவு என் காலாகவே என்னோடு நடந்துகொண்டிருந்தது.

சீட்டைக் கிழித்தேன். பறவைக்கு அதனால் ஆறுதல் இல்லை.

மார்ச் 25, சனி

நீளத் தோட்டாக்களை ரோண்டாவிடம் திருப்பினேன். "நெருக்கமாக" என்றேன். அவள் கேள்வி கேட்காமல் டங்ஸ்டனில் ஒன்பதாம் நம்பரை, அந்தக் கடுகு ரவையை, எடுத்தாள்.

துப்பாக்கியையும் மாற்றிவிட்டேன். என்னுடைய பன்னிரண்டு போர் பெருங்குழல் துப்பாக்கி இனி ஆணியில் இருக்கட்டும். எங்கள் இருபத்தைந்தாம் மணநாளுக்கு வெர்லீனுக்கு நான் வாங்கிக் கொடுத்த இருபது போர் துப்பாக்கி குழல் மெலிந்தது, தோளை அடிக்காது. அடிவாங்கப் போகிறோம் என்று அஞ்சும் தோள் விசையை இழுக்கும் முன்பே துள்ளிவிடும்.

"அக்கா துப்பாக்கியா!" என்றான் டப். "அப்படியே அக்கா கைப்பையும் மாட்டிக்கிட்டுப் போங்க அத்தான், பொருத்தமா இருக்கும்."

"நீ கைப்பை தூக்குற லட்சணத்த ஊரே பாத்திருக்கு. உம் பொண்டாட்டி கடைத்தெருவுல உங்கிட்டதான குடுத்துட்டுப் போறா?" என்றாள் வெர்லீன்.

கயிற்றின் முப்பதில் சுட்டோம். இருநூற்று முப்பது வரை எண்ணி விட்டுவிட்டேன். நாற்பதில் நூற்று அறுபது. தோட்டாவுக்கு நாற்பது எட்டும். எனக்கு முப்பது போதும். என் கண்ணுக்கும் மூச்சுக்கும் சேர்த்து இந்தப் பத்தைக் கழித்தேன்.

ஏப்ரல் 9, ஞாயிறு

உயிர்த்தெழுந்த திருநாள். பிற்பகல், என் மரத்தைச் சுற்றி முப்பதாம் முடிச்சில் இருக்கும் செடிகளிலெல்லாம் வெர்லீன் நீல நாடா கட்டினாள். மெத்தை விரிப்பு தைத்ததில் மிஞ்சிய துண்டு. அடிக்கட்டை வட்டத்துக்கு வெளியே நின்றது.

ஏப்ரல் 17, திங்கள்

பருவத்தின் முதல் நாள். விடியுமுன் மரத்தடியில். மரக்கிளையில் அடைந்திருந்த சேவல் முதல் வெளிச்சத்தில் கொக்கரித்தது. மரப்பெட்டியைத் தேய்த்துப் பெட்டைக் குரல் கொடுத்தேன். இறங்கி வந்தது. வந்து — அடிக்கட்டையருகே நின்றது. அதே இடம்.

இருபத்தைந்து நிமிடம் தோகையை விரித்துச் சுழன்றது. நெஞ்சுக்குள் முரசு போல ஓர் ஒலி. ஒருமுறை கழுத்தை முழுதும் நீட்டி என் பக்கமே பார்த்தது. நூற்று அறுபது துளை, நூற்று அறுபது துளை என்று காதுக்குள் ஒருவன் ஓதினான். குரல் டப்புடையது போலவும் இருந்தது, என்னுடையது போலவும் இருந்தது.

விசையிலிருந்து விரலை எடுத்தேன். போய்விட்டது.

மதியம் டப் வந்து பிஸ்கட் ரொட்டியும் குழம்பும் தின்றபடி சிரித்தான். "ரிப்பன் கட்டி வேட்டையாடற ஆள இப்பத்தான் பாக்கறேன். அதுக்கும் ஒரு துண்டு நோட்டீஸ் குடுத்திருக்கலாம்ல, ரிப்பனுக்கு உள்ள வான்னு?"

ஏப்ரல் 26, புதன்

வந்தது. அதே சேவல்தானா என்று அறியேன். நாடாவைத் தாண்டி உள்ளே வந்து தோகை விரித்தது. விரித்திருக்கும்போது கழுத்து உடலுக்குள் ஒடுங்கியிருக்கும், அப்போது சுடலாகாது. நாக்கால் ஒரு சிறு ஒலி செய்தேன். தோகை மடங்கியது. தலை உயர்ந்தது.

சுட்டேன். நின்ற இடத்திலேயே விழுந்தது. ஓரடியும் ஓடவில்லை. கயிற்றில் இருபத்திரண்டு முடிச்சு.

அதன் பக்கத்தில் முழங்காலிட்டேன். எழுந்திருக்கச் சற்று நேரமாயிற்று. ஜெபம் நீண்டதால் அல்ல, இடுப்பினால். இரண்டும் என்று எழுதுவது பொய்யாகாது.

ஏப்ரல் 30, ஞாயிறு

ஆராதனைக்குப் பின் வெர்லீன் நெஞ்சுக்கறியை மாவில் புரட்டிப் பொரித்தாள். மூவரும் உண்டோம். எவர் பல்லிலும் ரவை படவில்லை.

டப் இன்று ஒரு கேலியும் பேசவில்லை. சோளரொட்டியைப் பிட்டுப் பிட்டுத் தட்டிலேயே போட்டான். புறப்படும்போது, வண்டியின் கதவைப் பிடித்தபடி, தாழ்ந்த குரலில் கேட்டான். அவனிடம் அப்படியொரு குரல் இருப்பதே எனக்குத் தெரியாது.

"அத்தான்... அந்தக் கயிறு கொஞ்சம் கெடைக்குமா?"

அவன் காலணியெங்கும் தேவதாருப் புதரின் முள் ஒட்டியிருந்தது. நானும் தொப்பியை எடுத்துக்கொண்டு அவன் வண்டியில் ஏறினேன். இருட்டும் வரை இருவரும் அவன் சுட்ட சேவலைத் தேடினோம். கிடைக்கவில்லை.

மே 1, திங்கள்

காலையில் மறுபடி போனோம். ஓடைக்கரையில் இறந்து கிடந்தது. டப் தன் சட்டையைக் கழற்றிப் போர்த்தினான். வீட்டுக்கு வந்ததும் கயிற்றைக் கொடுத்தேன்.

மே 7, ஞாயிறு

பருவம் முடிந்தது. மிச்சத் தோட்டாக்களை டப்பாவில் வைத்தேன். வரும் மார்ச்சில் என் நடையை மறுபடி அளந்து பார்க்க வேண்டுமாம். வெர்லீன் நாட்காட்டியிலேயே குறித்துவிட்டாள். இன்னும் குறைந்திருக்கும்.

இன்று ஒன்பது ஐந்துக்கே தொப்பியை எடுத்துக்கொண்டு வாசலில் போய் நின்றேன். அவள் வந்து என் கையைக் கோத்துக்கொண்டாள்.

மணி அடிக்கும் முன்பே போய்ச் சேர்ந்தோம்.