எல்லாருக்கும் தெரிகிற பறவை

அக்டோபர் 17, வியாழன்

கடையில் இன்று பால்மீன் கஞ்சி சீக்கிரமே தீர்ந்துவிட்டது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது என் மகள் ஷின்-ஷின் பள்ளியிலிருந்து குதித்துக்கொண்டு வந்தாள். குளிர்காலத்துக்கு வருகிற பறவைகள், கரண்டிவாயன்கள், வந்துவிட்டனவாம். அவள் வகுப்புப் பிள்ளைகள்தான் இந்த வருடம் கடலோரத்தில் பறவை பார்க்கும் குடிலில் குட்டி வழிகாட்டிகள். மஞ்சள் மேலங்கி போட்டுக்கொண்டு, பைனாகுலரில் பார்த்து, வெளியூர்க்காரர்களுக்குப் பறவையைக் காட்டிப் பேச வேண்டும். பைனாகுலர்கள் கோயில் கமிட்டியின் நன்கொடை. ஒவ்வொன்றிலும் கோயில் பெயர் தங்க எழுத்தில்.

பேச வேண்டிய வரிகளை அடுப்படியில் நின்றே ஒப்பித்தாள். ஐந்து வயசுக்கு நல்ல ஞாபகம். வாய்தான் கொஞ்சம் அதிகம். போன வாரம் ஒரு வாடிக்கையாளரிடம், "தாத்தா, இன்னிக்கு மீன் நேத்து பிடிச்சது" என்று சொல்லி என் மானத்தை வாங்கினாள். பொய்யென்றும் சொல்ல முடியவில்லை.

அக்டோபர் 21, திங்கள்

ஷ்யே டீச்சர் போன் செய்தார். "ஷின்-ஷின் அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க" என்று ஆரம்பித்தார். இப்படி ஆரம்பித்து யாராவது நல்லது சொல்லியிருக்கிறார்களா?

எல்லாப் பிள்ளைகளுக்கும் பைனாகுலரில் பறவை தெரிகிறதாம். இவள் ஒருத்திதான் "எனக்குத் தெரியலை" என்கிறாளாம். தெரிந்தது என்று சொல்கிற பிள்ளைக்குப் பறவை ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். இவள் பெயருக்கு நேரே காலி. "கண்ணைக் கொஞ்சம் காட்டிடுங்களேன்" என்றார்.

போனை வைத்ததுமே கண் டாக்டரிடம் நாள் கேட்டு வைத்தேன்.

நவம்பர் 2, சனி

கடையை மூடிவிட்டுப் பக்கத்து ஊரான ஜியாலிக்குக் கூட்டிப்போய்க் கண் டாக்டரிடம் காட்டினேன். எழுத்து, படம், சொட்டு மருந்து, எல்லாம் பார்த்தார். "உங்க கண்ணைவிட நல்லா இருக்கு" என்றார். திரும்பி வரும்போது ஐஸ் வாங்கிக் கொடுத்தேன். நிம்மதி.

நவம்பர் 5, செவ்வாய்

நிம்மதிப்பட்டது என் முட்டாள்தனம். கண்ணில் குறை இல்லை என்று டீச்சரிடம் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது பாருங்கள். "அப்போ பிடிவாதம்தான்" என்றார்.

குறை இருந்திருந்தால் பாவம் பார்த்திருப்பார்கள். இல்லாததால் இப்போது அவள் திமிர் பிடித்தவள். மேலங்கி கிடையாதாம். குடிலில் நடக்கப்போகிற விழா அன்று ஓரமாக நிற்கலாமாம்.

நவம்பர் 8, வெள்ளி

கெஞ்சிக் கேட்டு அந்தப் பைனாகுலர் ஒன்றை வீட்டுக்கு வாங்கிவந்தேன். என்ன கனம்! மாவுப் பொட்டலம் மாதிரி இருக்கிறது. நான் மாடியில் நின்று பார்த்தேன். அடுத்த மீன்குளத்தில் தண்ணீருக்குக் காற்றேற்றும் சக்கரம் சுற்றுவது அருமையாகத் தெரிந்தது.

ஷின்-ஷினிடம் கொடுத்தேன். கனத்தில் அவள் கை நடுங்கியது. "என்னடி தெரியுது?" என்றேன்.

"ரெண்டு கறுப்பு வட்டம். ஒரு கண்ணை மூடினா சுவரு கொஞ்சம்."

அவள் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தேன். அப்புறம்தான் புரிந்தது. இரண்டு குழாயும் என் கண்ணுக்குச் சரி. அவள் கண்கள் நெருங்கி இருக்கின்றன, குழந்தை முகம் இல்லையா? குழாய்களுக்கு நடுவிலே போய் நிற்கின்றன. நடுக் கீலை மடக்கிப் பார்த்தேன். அதற்குமேல் மடங்காது. பெரியவர்களுக்குச் செய்தது.

முதல் நாளிலிருந்து என் மகள் உள்ளதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அப்படியென்றால் மற்ற பிள்ளைகள்?

நவம்பர் 11, திங்கள்

பள்ளி முதல்வர் கோ அம்மாளைப் பார்த்தேன். பைனாகுலரை மேசையில் வைத்து, கீலை மடக்கிக் காட்டினேன். சின்னதாக, எடை குறைவாக, குழாய் நன்றாக நெருங்கி வருகிற மாதிரி வேண்டும், ஆறு மடங்கு பெருக்கம் போதும் என்றேன். இதற்காக இரண்டு நாள் போனில் தேடிப் படித்திருந்தேன்.

"சின்னது நான் கேட்டேன், ஷின்-ஷின் அம்மா. கமிட்டியில நம்ம ஊர்த்தலைவர் ஹுவாங்தான் பெரிசா இருந்தாத்தான் போட்டோவுல எடுப்பா இருக்கும்னுட்டார். தங்க எழுத்தெல்லாம் போட்டாச்சு. இப்ப போய் இது உதவாதுன்னு நான் எப்படிச் சொல்றது?"

"பிள்ளைங்களுக்கு ஒண்ணும் தெரியலையே, மேடம்."

"மத்த பிள்ளைங்க எல்லாரும் தெரியுதுங்கிறாங்களே."

ஸ்டிக்கர் கொடுத்தால் நான்கூடச் சொல்வேன். வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஏன் விழுங்கினேன்? அடுத்த வருடமும் அதே பள்ளியில்தானே நான் போய் நிற்க வேண்டும்.

நவம்பர் 16, சனி

விழா. எழுதும்போதே பற்றிக்கொண்டு வருகிறது.

காலையில் கரண்டிவாயன்கள் வரிசையாக நின்று தூங்கிக்கொண்டிருந்தன. வெறும் கண்ணுக்கே வெள்ளையாகத் தெரிந்தன. கோயில் கமிட்டி வந்து இறங்கியது. ஊர்த்தலைவர் ஹுவாங் கையசைத்தார். நன்கொடை என்றால் சரவெடி இல்லாமலா? குடிலுக்குப் பின்னாலேயே கொளுத்தினார்கள். புகை அடங்கியபோது சேற்றில் ஒரு பறவை இல்லை. கொக்குகூட இல்லை.

டீச்சர் தலையசைத்தார். மஞ்சள் மேலங்கிப் பிள்ளைகள் பைனாகுலரை முகத்தில் வைத்தார்கள். ஒரு பையன் தலைகீழாகப் பிடித்திருந்தான். "பாருங்கள்! முகம் கறுப்பு, அலகு கரண்டி!" என்று எல்லாரும் ஒரே குரலில். தைபேயிலிருந்து வந்த அம்மாள் ஒருத்தி அந்தப் பையனிடம் கேட்டாள்.

"எத்தனை இருக்குடா, தங்கம்?"

"நிறைய."

கைதட்டினார்கள். ஓரத்தில் நின்ற என் மகள் சத்தமாகச் சொன்னாள், "பறவையே இல்லையே. வெடிச் சத்தத்துல எல்லாம் போயிடுச்சே."

கோ அம்மாள் சிரித்துக்கொண்டே விருந்தாளிகள் பக்கம் திரும்பி, "அந்தப் பிள்ளைக்குக் கண்ணுல கொஞ்சம் குறை, பாவம்" என்றார்.

நான் ஷின்-ஷின் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று கண்ணை விரலால் விரித்துப் பார்த்தாள். எங்கே குறை என்று தேடினாள் போல. அடிப்பாவி கோ, நீ நல்லா இருப்பியா? அஞ்சு வயசுப் பிள்ளைடி.

நவம்பர் 17, ஞாயிறு

என் வீட்டுக்காரர் சாவ்-யுவான் மீன்குளத்திலிருந்து வந்து சாப்பிடும்போது மகளை மடியில் வைத்துக்கொண்டார். நல்ல மனுஷன், சண்டை என்றால் பத்து அடி தள்ளி நிற்பார்.

"இங்க பாரு செல்லம். டீச்சர் கேட்டா தெரியுதுன்னு சொல்லிடு. தீர்ந்துச்சு."

"தெரியலைன்னாலும்?"

"எல்லாரும் அப்படித்தாண்டா சொல்றாங்க."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தேன். எடுத்துக்கொண்டே இருந்தேன்.

நவம்பர் 24, ஞாயிறு

நல்ல பைனாகுலர் வாங்கித் தருகிறேன், வா என்றால் ஷின்-ஷின் வரமாட்டேன் என்கிறாள். அந்தப் பேரைக் கேட்டாலே தலையைக் குனிந்துகொள்கிறாள். அதனால் அவள் தூங்கும்போது மருந்து டப்பா அட்டையைக் கிழித்து, முகத்தின்மேல் பிடித்து, இரண்டு கண்ணுக்கும் நேரே அடையாளம் வைத்து, அப்புறம் தள்ளி வந்து பென்சிலால் ஓட்டை போட்டேன். அட்டையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறித் தைனான் போனேன்.

கடைக்காரன் முதலில் ரோஸ் நிறத்தில் பூனை போட்ட பிளாஸ்டிக் ஒன்றை நீட்டினான். "குழந்தைக்குத்தானே, அக்கா" என்றான். குழந்தைக்கும் கண்தான் இருக்கிறது என்றேன். அடுத்து, பெருக்கம் அதிகமிருந்தால் நல்லது என்று பெரியது ஒன்றைத் தூக்கினான். பெருக்கம் கூடக்கூடப் பிள்ளை கை நடுக்கமும் கூடித் தெரியும், எடுத்து உள்ளே வை என்றேன். ஒவ்வொன்றின்மேலும் அட்டையை வைத்து வைத்துப் பார்த்தேன். கடைசியில் ஒன்று பொருந்தியது. கையடக்கம், ரப்பர் உறை, கீழே விழுந்தாலும் தாங்கும், கழுத்துப் பட்டை எங்காவது மாட்டி இழுபட்டால் தானே கழன்றுகொள்ளும். அது காட்சிக்கு வைத்தது, கையிருப்பு இல்லை, வரவழைத்துத் தருகிறேன் என்றான். பணம் கட்டிவிட்டு வந்தேன்.

இந்த மாதத்தில் உருப்படியாகச் செய்தது இது ஒன்றுதான்.

நவம்பர் 29, வெள்ளி

ஷின்-ஷின் மஞ்சள் மேலங்கியோடு வீட்டுக்கு வந்தாள். ஸ்டிக்கரும் ஒட்டிவிட்டார்களாம்.

"எப்படி?"

"இப்ப தெரியுதும்மா."

அதே பெரிய பைனாகுலர்தான். சாவ்-யுவான் அவளைத் தூக்கிச் சுற்றினார். நான் மேலங்கியில் தளர்ந்திருந்த பொத்தானைத் தைத்துக் கொடுத்தேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

பைனாகுலர் நேற்று வந்தது. காலையில் அவளைக் கரைக்குக் கூட்டிப்போனேன். மேலங்கியைப் போட்டுக்கொண்டுதான் வருவேன் என்றாள். கூட்டமில்லை, நாங்கள் மட்டும். கரண்டிவாயன்கள் திரும்பி வந்திருந்தன. கிட்டத்திலேயே, அலகால் தண்ணீரைத் துழாவிக்கொண்டு. இத்தனை வருடத்தில் இவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை.

பெட்டியைத் திறந்து நான் கையேட்டைப் பிரிப்பதற்குள் அவளே எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். குழாய்கள் அவள் கண்ணுக்கு நேரே, அளவெடுத்துச் செய்த மாதிரி. கை நடுங்கவில்லை.

"தெரியுதாடி?"

"தெரியுதும்மா. முகம் கறுப்பு, அலகு கரண்டி."

"எத்தனை இருக்கு?"

"நிறைய. ரொம்ப அழகா இருக்கு."

தலையைத் தடவிக் கொடுக்கக் குனிந்தபோதுதான் பார்த்தேன். குழாய்களின் முன்பக்கத்து மூடி இரண்டையும் இன்னும் கழற்றவில்லை.